பழைய இசை விழாவுக்கு வடசென்னையிலிருந்து ஒரு கச்சேரி: கருப்பொருள் சரியா, யோசனை சொல்லுங்கள்

தேரடி வீதி

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர்: வயலின் நான், அப்புறம் வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம். திருவொற்றியூருக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில்தான் எல்லார் வீடும். ஐரோப்பாவில் நடக்கிற ஒரு பழைய இசை விழா, ஏர்லி மியூசிக் என்று சொல்கிறார்களே அது, அடுத்த வருடத்துக்குக் குழுக்களிடமிருந்து விண்ணப்பம் கேட்டிருக்கிறது. நன்றாக வாசிப்போம், கூப்பிடுங்கள் என்று எழுதினால் போதாதாம். கச்சேரிக்கு ஒரு கருப்பொருள் இருக்க வேண்டும், அதை முந்நூறு சொல்லுக்குள் விளக்க வேண்டும், பாட்டு வரிசையை நிமிடக் கணக்கோடு தர வேண்டும், மொத்தம் ஒரு மணி நேரம், இடைவேளை கிடையாது, வெட்டி ஒட்டாத ஒலிப்பதிவு இரண்டு இணைக்க வேண்டும்.

என் யோசனை "வடசென்னையின் இசை". ஒற்றியூர் தேவாரத்தில் தொடங்கி, பட்டினத்தார், மணலியில் இருந்த தீட்சிதர், தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளான திருவொற்றியூர் பஞ்சரத்தினம், ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார், ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமைகளில் வீணை வாசித்த தனம்மாள் பாணியில் ஒரு பதம், கடைசியில் கொஞ்சம் கானா. நம் பக்கத்தில் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவையாவது வெளியே தெரியட்டுமே. மயிலாப்பூரை விட்டால் சென்னையில் சங்கீதமே இல்லை என்கிற நினைப்புதானே எல்லாருக்கும்.

திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள். கடைசித் தேதிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட்

திட்டுகிறேன். முதல் கேள்வி, நம் பாட்டு எப்போது பழைய இசை ஆனது? அங்கே பழைய இசை என்றால் நடுவில் செத்துப் போய், ஏட்டைப் பார்த்து மறுபடி எழுப்பியது. இங்கே குரு வாயால் சொல்லிச் சிஷ்யன் காதால் வாங்கி இன்றுவரை ஓடுகிறது. உயிரோடு இருப்பவனைக் கூட்டிப் போய் அருங்காட்சியகத்தில் நிற்க வைப்பானேன்? உலக இசை விழா என்று எத்தனையோ நடக்கிறது, அங்கே அனுப்புங்கள்.

இரண்டாவது, கானாவைக் கடைசியில் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள வைத்திருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. வைத்தால் கானா பாடுகிற ஆளோடு ஒழுங்காக வையுங்கள், இல்லையென்றால் விடுங்கள். கர்நாடகப் பாடகர் கானா பாடி நான் கேட்டிருக்கிறேன். போதும்.

ஹாலந்து காலடிப்பேட்டை

நான் பிறந்தது காலடிப்பேட்டை, வேலை உட்ரெக்டில். இங்கே 1982இல் ஆரம்பித்த பழைய இசை விழா ஆகஸ்ட் கடைசியில் பத்து நாள் நடக்கும், பாதி ஊர் சர்ச்சுகளில்தான் கச்சேரி. தவறாமல் போகிறவன் என்பதால் சொல்கிறேன்.

கேட் அண்ணன் சொன்னதில் பாதி சரி. வழக்கமாக அவர்கள் பழைய இசை என்பது இடைக்காலம், மறுமலர்ச்சிக் காலம், பரோக், ஏறத்தாழ 1750 வரை, கொஞ்சம் இழுத்தால் 1800 வரை. ஆனால் காலம் மட்டும் கணக்கில்லை. அந்தக் காலத்தில் இது எப்படி ஒலித்தது, எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்கிற கேள்விதான் அந்த உலகத்தின் மூச்சு. குடல் நரம்புத் தந்தி, பழைய வில், பழைய சுருதி எல்லாம் அதற்காகத்தான். அந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்குக் கதவு திறக்கும், அரபு இசைக்காரர்களும் துருக்கி இசைக்காரர்களும் வந்து வாசித்திருக்கிறார்கள். "ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்று வருகிறவர்களைப் பார்த்துத் தேர்வுக்குழு பணிவாகச் சிரித்துவிட்டு அடுத்த தாளைத் திருப்பும்.

இப்போது தேரடி தம்பியின் பட்டியல். கோபப்படாதீர்கள், அது கருப்பொருள் இல்லை, பேருந்து வழித்தடம். ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை. ஏழாம் நூற்றாண்டுச் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்டு, இருபதாம் நூற்றாண்டுப் பாணி எல்லாம் ஒரு மணி நேரத்தில். தேவாரத்துக்கு ஏழாம் நூற்றாண்டு என்று போட்டால், சொல்லா பண்ணா எது ஏழாம் நூற்றாண்டு என்று முதல் ஆளே கேட்பார். இதே வம்பு திருப்பதி வேங்கடவன் மேல் பாடிய அன்னமாச்சாரியாரிலும் வரும்: செப்பேட்டில் பாட்டும் ராகப் பெயரும் இருக்கின்றன, சுரம் இல்லை. இன்று பாடுகிற மெட்டெல்லாம் பெரும்பாலும் போன நூற்றாண்டில் போட்டது. அதைப் பதினைந்தாம் நூற்றாண்டு இசை என்று விண்ணப்பத்தில் எழுதினால் அங்கேயே முடிந்தது.

நல்ல கருப்பொருள் என்றால் அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அதற்கான பதில் மேடையில் காதுக்குக் கேட்க வேண்டும். பேசி விளக்கினால்தான் புரியும் என்றால் அது கட்டுரை. உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், மணலி என்று ஒரு சொல்லாக எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

தங்கசாலை

ஹாலந்து தம்பி கையை வைத்த இடம் சரி. நான் வித்வான் இல்லை, சும்மா படிக்கிறவன், ஆனால் மணலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரியும்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் அது முதலியார் குடும்பத்து ஊர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கவர்னர் பிகட்டுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1757இல் கம்பெனிக்காரர்கள் பட்டணத்துக் கோயிலை இடித்த பிறகு, பூக்கடை பக்கம் சென்னக்கேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்களை மறுபடி கட்டியதில் முக்கியமான கை அவருடையது. அவர்தான் திருவாரூரில் இருந்த ராமஸ்வாமி தீட்சிதரை மணலிக்கு அழைத்து வந்தார். பிள்ளை வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்பார்கள், அவர் காலத்திலும் ஆதரவு தொடர்ந்தது.

அந்த ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். அப்பா ராமஸ்வாமி தீட்சிதர் (1735–1817), ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர் என்று சொல்லப்படுபவர், நூற்றெட்டு ராகத்தில் நூற்றெட்டுத் தாளத்தில் ஒரு மாலிகை செய்தார். அது முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை, கிடைத்த பகுதி 1904இல் எட்டயபுரத்தில் அதே குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற சுரக்குறிப்பு நூலில் இருக்கிறது. மூத்த பிள்ளை முத்துஸ்வாமி (1775–1835) கோட்டை பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று இன்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, அதுதான், முப்பதுக்கும் மேல் உண்டு. "சந்ததம் பாஹிமாம்" பாடிப் பாருங்கள், ராஜாவைக் காப்பாற்றச் சொல்லும் ஆங்கிலேய கீதமேதான். அந்த மெட்டு லண்டன் நாடக மேடையில் 1745இல் பாடப்பட்டது, ஆக உங்கள் 1750 கணக்குக்குள்ளேயே அடங்கும். இளைய பிள்ளை பாலுஸ்வாமி (பிறப்பு 1786) முதலியார் ஏற்பாட்டில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். நம் இசைக்கு வயலினைக் கொண்டு வந்தவர் யார் என்பதில் தஞ்சாவூர் வடிவேலு, வராகப்பையர் என்று வேறு கட்சிகளும் உண்டு. அதனால் "முதன்முதலில்" என்ற சொல் விண்ணப்பத்தில் எங்கும் வர வேண்டாம், "முதல்வர்களில் ஒருவர்" போதும்.

கேள்வி இதுதான்: கோட்டையிலிருந்து வந்த ஒரு மெட்டும் ஒரு வாத்தியமும் மணலி வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன ஆயின? மெட்டு அப்படியே நின்றது, வாத்தியம் முழுக்க மாறிவிட்டது. நோட்டுஸ்வரத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைப்பது, கிடையாது, சாகித்தியம் மட்டும் நம்முடையது. வயலினோ உடம்பு அவர்களுடையது, பேச்சு முழுக்க நம்முடையது. இதை மேடையில் கேட்க வைக்கலாம்.

எண்ணூர் காற்று

தங்கசாலை ஐயா எழுதினால் மட்டும் நான் ஸ்க்ரோல் பண்ணாமல் படிப்பேன்.

தேரடி வீதி

ஐயா, மிகவும் நன்றி. ஆனால் மனசு கேட்கவில்லை. திருவொற்றியூர் பஞ்சரத்தினத்தை எடுத்துவிட்டால் நான் எந்த முகத்தோடு வடிவுடையம்மன் சன்னிதிக்குப் போவேன்? கல்யாணியில் "சுந்தரி நீ திவ்ய" என் அம்மா எனக்குத் தொட்டிலில் பாடியது. தியாகராஜர் தன் சிஷ்யர் வீணை குப்பையருக்காக எங்கள் ஊருக்கே வந்து பாடியது. மணலியும் ஒற்றியூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே, ஒரு பாட்டு சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

வீணை வீடு

தம்பி, நானும் ஒற்றியூர்தான், எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தியாகராஜர் பட்டணம் வந்தது 1830களின் கடைசியில். அதற்குள் முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமாகிவிட்டார். மணலி வீட்டுக்கதை முடிந்த பிறகு வேறொரு கதை ஆரம்பிக்கிறது, குப்பையர் வீடு, பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீடு, அது தனிக் கச்சேரி. ஐந்தும் சேர்த்து, அதன் பின் குப்பையர், அவர் மகன் தியாகய்யர் வர்ணம் என்று போட்டால் அருமையான இன்னொரு விண்ணப்பம் கிடைக்கும். ஒரே இலையில் இரண்டு கல்யாணச் சாப்பாடு பரிமாற வேண்டாம்.

உனக்கு ஒற்றியூர் வேண்டும், அவ்வளவுதானே? தீட்சிதர் பேரில் பாடப்படும் ஆரபி ராகக் கீர்த்தனை ஒன்று ஆதிபுரீசுவரர் மேல் இருக்கிறதே. நம் கோயில், அவர்கள் வீடு. அதை வை. எந்தப் பதிப்பில் வருகிறது என்று மட்டும் பார்த்து எழுது, பிரதர்சினியில் இல்லாததை அதில் இருப்பதாக எழுதினால் அங்கே யாராவது ஒருவர் எடுத்துப் பார்ப்பார். அப்படிப் பார்க்கிறவர்கள்தான் இந்த விழாவுக்கே வருகிறவர்கள்.

கொருக்குப்பேட்டை கேட்

இப்போது கொஞ்சம் உருப்படியாகிறது. இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. முதலியார் வீடு, தீட்சிதர் குடும்பம், கோட்டை துரை. இந்த மூன்று பேர் மட்டும்தானா அந்தக் காலத்துச் சென்னையில் இருந்தார்கள்? பேண்டில் ஊதியவன் யார்? கோயிலில் ஆடிய பெண்கள், நட்டுவனார்கள், நாகஸ்வரக்காரர்கள் எங்கே? துபாஷி பணத்தில் வளர்ந்த சங்கீதம் என்று மெழுகிவிட்டுப் போனால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு ஆள் அங்கேயும் இருப்பான். இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இன்னொன்று, பேண்டு என்றால் ஊதல் வாத்தியம். ஐரோப்பியப் பழைய இசைக்காரர்களிடம் ஷாம் என்று ஒரு இரட்டைச் சீவாளி வாத்தியம் உண்டு, நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டையும் எதிரெதிரே நிற்க வைத்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதை யாரும் யோசிக்க மாட்டீர்களே.

தங்கசாலை

கேட் தம்பி கேட்பது நியாயம். தீட்சிதரின் சிஷ்யர்களில் தஞ்சை நால்வர் இருக்கிறார்கள், பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு. திருவாரூர் நாட்டியக் கலைஞர் கமலமும் அவரிடம் கற்றவர். 1800ஐ ஒட்டிய சென்னையின் புரவலர்கள், பாடகர்கள், ஆடல் பெண்கள் எல்லாரையும் பற்றி சர்வதேவ விலாசம் என்று ஒரு சமஸ்கிருத நூல் இருக்கிறது, வே. ராகவன் பதிப்பித்தது. அதிலிருந்து ஒரு சின்னப் பகுதியை மேடையில் வாசித்தால், வீட்டுக்குள் யார் யார் வந்து போனார்கள் என்பது சொல்லாமலே தெரியும். துபாஷி பணத்தையும் ஒளிக்க வேண்டாம், விளக்கத்தில் ஒரு வரி நேராக எழுதுங்கள்.

ஷாம் யோசனை எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாகஸ்வரம் வந்தால் வீணை காணாமல் போகும், நாலு பேர் ஏழு பேர் ஆவார்கள், செலவு ஏறும். திறந்தவெளி நிகழ்ச்சிக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது கல்கத்தா புத்தகத்தைச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1789இல் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் வெளியிட்ட ஓரியண்டல் மிசலனி, ஹிந்துஸ்தானி மெட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கு எழுதியது. அங்கே எல்லாருக்கும் தெரிந்த நூல், சேர்த்தால் எடுபடும் என்று தோன்றும். சேர்க்காதீர்கள். அது கல்கத்தா, வடக்கத்தி மெட்டு, திசையும் எதிர்த்திசை, நம்முடையதை அவர்கள் எடுத்தது. உங்கள் கதை அவர்களுடையதை நாம் எடுத்தது.

ராயபுரம் ஆர்கன்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன், மற்ற நாளில் பியானோ சுருதி கூட்டிப் பிழைக்கிறவன். நோட்டுஸ்வரத்துக்கு அங்கே ஒரு ஹார்ப்சிகார்டு கேட்டு வாங்குங்கள். பழைய இசை விழாவில் அது நம் ஊரில் தம்புரா கிடைப்பது போலத்தான், இருக்கும். ஆனால் எந்தச் சுருதியில் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும், இல்லையென்றால் மேடையில் அழுவீர்கள்.

பரோக் சுருதியில் ஏ என்பது 415 ஹெர்ட்ஸ், இன்றைய 440இலிருந்து அரை சுரம் கீழே. அதாவது அந்த ஹார்ப்சிகார்டில் சி கட்டையை அழுத்தினால் இன்றைய பி தான் கேட்கும், நம் பாட்டுச் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை என்கிறோமே, அதற்கும் அரை சுரம் தாழ்வு. பயப்படாதீர்கள், இது உங்களுக்கு வசதி. டி கட்டையை அழுத்துங்கள், சுத்தமான ஒன்றரைக் கட்டை. பெண் குரல் ஐந்தரை என்றால் ஏ கட்டை, அதே 415. ஹார்ப்சிகார்டுக்காரரிடம் "டி மேஜரில் வாசியுங்கள்" என்றால் போதும், யாரும் சுருதியை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது, கட்டைகளைச் சமமாகப் பங்கிட்டுச் சுருதி வைக்காமல் மீன்டோன் என்கிற பழைய முறையில் வைக்கச் சொல்லுங்கள். சென்ட் என்பது அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு. சமப் பங்கீட்டில் அந்தர காந்தாரம், அதாவது மேஜர் மெட்டின் மூன்றாவது சுரம், 400 சென்ட், தம்புராவில் தானாக எழும் காந்தாரம் 386, காது கூசும். கால் காமா மீன்டோன் என்ற வகையில் அது 386லேயே உட்காரும். ஆனால் சும்மா கிடைக்காது, பஞ்சமம் 702க்குப் பதில் 697க்குச் சற்றுக் குறைவாக நிற்கும், தம்புராவின் பஞ்சமத்தோடு லேசாக அலையும். அதனால் நோட்டுஸ்வரத்தின்போது தம்புராவை நிறுத்திவிடுங்கள். பேண்டு மெட்டுக்குத் தம்புரா எதற்கு? அது முடிந்து, அதே சுரங்களைக் கொண்ட நம் சங்கராபரண ராகம் தொடங்கும்போது தம்புராவை எழுப்புங்கள். மேலே ஒருவர் கேட்டாரே, பதில் காதுக்குக் கேட்க வேண்டும் என்று. அந்த ஒரு நொடியில் கேட்கும்.

வண்ணை மிருதங்கம்

அண்ணே, நான் இந்தக் குழுவில் இல்லை, ஆனால் அவர்கள் மிருதங்கக்காரரைத் தெரியும். ஒன்றரைக் கட்டைக்குத் தனி மிருதங்கம் கொண்டு போகச் சொல்லுங்கள், ஐந்தரைக்கு உள்ளதை இறக்கி ஒன்றரைக்குக் கொண்டு வர முடியாது. குளிர் ஊரில் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது, ஒரு நாள் முன்னாடியே போக வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் தனி ஆவர்த்தனம் உண்டா? வரிசையில் எங்கேயும் காணோம்.

ஹாலந்து காலடிப்பேட்டை

தனி வேண்டாம் என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே கல் சர்ச்சுகளில் ஒரு சொல் தட்டினால் அது அடங்குவதற்குள் அடுத்த நாலு சொல் வந்துவிடும். ஃபரன் மாதிரி வேகமான சொற்கட்டெல்லாம் கஞ்சியாகிவிடும். வேகம் குறைந்த மிஸ்ர சாபு தாளத்தில் மிருதங்கம் அழகாக நிற்கும். "இந்தக் கூடத்தில் எதிரொலி அதிகம் என்பதால் தாளப்பகுதியை இப்படி அமைத்திருக்கிறோம்" என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுங்கள், இந்த ஆட்களுக்குத் தொழில் தெரியும் என்று அந்த வரியிலேயே புரிந்துவிடும்.

தேரடி வீதி

சரி, எல்லாவற்றையும் வைத்து ஒரு வரைவு போட்டிருக்கிறேன். தலைப்பு "மணலியில் ஒரு வீடு". துணைத்தலைப்பு இல்லை.

"பழம்பெருமை வாய்ந்த சென்னை மாநகரின் வடபுறத்தில், கடலோரக் கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில், கம்பெனி கவர்னரின் துபாஷியாகப் பொருள் சேர்த்த ஒரு குடும்பத்தின் வீட்டில், திருவாரூரிலிருந்து வந்த ஒரு இசைக்குடும்பம் தங்கியது. அப்பா பழைய முறையில் ராகங்களைக் கோத்தார். ஒரு மகன் கோட்டை பேண்டின் மெட்டுகளுக்குத் தெய்வங்களின் மேல் பாட்டெழுதினார். இன்னொரு மகன் ஐரோப்பியரின் வயலினைக் கற்று அதைத் தன் மொழியில் பேச வைத்தார். ஒரே சுர வரிசையில் அமைந்த மேஜர் மெட்டும் சங்கராபரணமும் ஒன்றா, வேறா? இந்தக் கச்சேரி அந்தக் கேள்வியைக் கேட்கிறது."

வரிசை: ராமஸ்வாமி தீட்சிதரின் ராகதாளமாலிகையிலிருந்து சில பகுதிகள், 13 நிமிடம். பேண்டு மெட்டுகள் ஹார்ப்சிகார்டிலும் வயலினிலும், ஒவ்வொன்றுக்கும் உடனே அதன் நோட்டுஸ்வரம், 14. தம்புரா எழும்பி வீணையும் வயலினும் சங்கராபரணத்தில் தானம், 10. ஆதிபுரீசுவரர் மேல் ஆரபி, 8. கடைசியில் முத்துஸ்வாமி தீட்சிதரின் சங்கராபரணம் "அக்ஷயலிங்க விபோ", மிஸ்ர சாபு, 12. மொத்தம் 57, மிச்சம் சுருதி சேர்க்கவும் சர்வதேவ விலாச வாசிப்புக்கும்.

ஹாலந்து காலடிப்பேட்டை

நன்றாக வந்திருக்கிறது. சில வெட்டு. "பழம்பெருமை வாய்ந்த", "மாநகரின்" இரண்டும் போகட்டும். "சற்றுத் தொலைவில்" வேண்டாம், வடக்கில் என்று திசையைச் சொல்லுங்கள், வருடத்தையும் போடுங்கள். கடைசி வாக்கியத்தையும் தூக்கிவிடுங்கள், கேள்வியோடு நிற்கட்டும். கேள்வி கேட்டுவிட்டு "கேள்வி கேட்கிறோம்" என்று சொல்வானேன்?

வாசிப்புக்கு மூன்று நிமிடம் மிச்சம் என்பது கனவு. ஹார்ப்சிகார்டுக்காரர் எழுந்து போகவே ஒரு நிமிடம் ஆகும். மாலிகையில் இரண்டு நிமிடம் குறையுங்கள்.

சான்று எதற்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு சின்னப் பத்தி தனியாக எழுதுங்கள். பிரதர்சினி அச்சானது 1904, நிகழ்ந்ததோ நூறு வருடத்துக்கு முன். குடும்பத்துக்குள் வந்த பாடம், அதை வைத்துப் பாடுகிறோம், பிரதர்சினியில் உள்ளவற்றை அதன் கமகக் குறிகளைப் பின்பற்றி. இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் மதிப்பு கூடும். பாலுஸ்வாமி வயலினை எப்படிப் பிடித்தார் என்றெல்லாம் சொல்லப் போகாதீர்கள்.

கொருக்குப்பேட்டை கேட்

அக்ஷயலிங்க விபோ கீவளூர் கோயில் பாட்டு. மணலி இல்லையே.

வீணை வீடு

வீட்டை விட்டுப் போன பிறகு முத்துஸ்வாமி தீட்சிதர் என்ன செய்தார் என்பதற்குத்தான் அது. நோட்டுஸ்வரத்தில் ஆணி அடித்த மாதிரி நின்ற அதே சுரங்கள் இங்கே எப்படி அசைகின்றன என்று பக்கத்தில் வைத்துக் கேட்டால் போதும். கேட் தம்பிக்குக் குறை சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

கொருக்குப்பேட்டை கேட்

வராது அக்கா. ஆனால் ஏற்றுக்கொள்கிறேன், அந்த இடம் பலமான இடம். பழைய இசை என்ற பேரில் போகக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

வண்ணை மிருதங்கம்

செலவு பற்றி யாரும் பேசவில்லையே? விமான டிக்கெட் யார் போடுவார்கள்?

ஹாலந்து காலடிப்பேட்டை

விழாவைப் பொறுத்தது, அழைப்பிலேயே எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் இல்லை. பெரிய மேடைக்குத் தேர்வானால் சம்பளம் உண்டு. ஃபிரிஞ்ச் என்று ஓரக் கச்சேரிகள் இருக்கும், அதற்கு எதிர்பார்ப்பு வேறு. பாஸ்டனில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஜூனில் நடக்கும் விழாவில் ஓரக் கச்சேரிக்கு இடத்தைக்கூட நாமேதான் பிடிக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. மத்திய அரசின் கலாச்சார உறவுக் கவுன்சிலான ஐ.சி.சி.ஆர். பட்டியலில் உங்களில் யாராவது இருந்தால் பயண உதவிக்கு எழுதிப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பிக் கணக்கு போடாதீர்கள். வரவு செலவுத் தாளில் விசா, காப்பீடு, வீணைக்கு விமானத்தில் தனி இருக்கை அல்லது கெட்டிப் பெட்டி, எல்லாவற்றையும் எழுதுங்கள். குறைத்துக் காட்டினால் தேர்வாவோம் என்று நினைப்பார்கள், குறைவாக இருந்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

வீணை வீடு

வீணையைப் பற்றி ஒன்று. பழைய தஞ்சாவூர் வீணைகளில் ஓர வேலைப்பாடு மான்கொம்பில் இருக்கும், வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வந்தவற்றில் பிளாஸ்டிக். பழசைத் தூக்கிக்கொண்டு சுங்கத்தில் போய் நிற்காதீர்கள். பழைய இசை விழா, பழைய வீணை என்று யாராவது ஆசை காட்டுவார்கள்.

ராயபுரம் ஆர்கன்

ஒலிப்பதிவை எங்கே செய்யப் போகிறீர்கள்? தேரடியில் செய்தால் கண்டெய்னர் லாரி ஹாரன் நாலாவது வாத்தியமாகச் சேரும். வெட்டி ஒட்டக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சர்ச்சில் கேட்டுப் பார்க்கிறேன், வார நாளில் மதியம் காலியாகத்தான் இருக்கும், கல் சுவர், எதிரொலி அங்கே இருப்பது போலவே. ஹார்ப்சிகார்டு கிடையாது, நல்ல டிஜிட்டல் கீபோர்டில் 415உம் மீன்டோனும் வைத்துத் தருகிறேன். கீபோர்டு என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

தேரடி வீதி

அண்ணே, கோடி நன்றி. நோட்டுஸ்வரம் இரண்டையும் ஒரே பதிவாகவும் அக்ஷயலிங்கவை இன்னொன்றாகவும் பதிவு செய்கிறோம், இரண்டு ஒலிப்பதிவு ஆகிவிடும். பாடகிக்கு ஐந்தரை, அதனால் நீங்கள் ஏ கட்டையில் வைத்துவிடுங்கள். மிருதங்கமும் அதே சுருதிக்கு எடுத்து வரச் சொல்கிறேன், ஒன்றரை வேண்டாம்.

வண்ணை மிருதங்கம்

ஐந்தரை என்றால் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, வார் இழுத்துப் புதுசாகச் சாதம் வைத்தது. தேவைப்பட்டால் சொல்லுங்கள், வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் கொடுத்துவிடுகிறேன்.